கல்யாணம் ஆகவில்லை, குழந்தையும் வேண்டாம்: வாசக்டமி செய்வதா, பொறுப்பதா?

எனக்கு வயது 37. கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை, இனிமேல் வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. இதை வெளியில் சொன்னால் மதுரையில் முதலில் வரும் கேள்வி, "உடம்புக்கு ஏதும் பிரச்சனையாப்பா?" உடம்புக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதோ ஒரு காதுகுத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறேன், அக்கா பிள்ளைகள் மூன்று பேருக்கும் தாய்மாமன் சீர் குறைவில்லாமல் செய்தாகிவிட்டது, பிள்ளைகளைக் கண்டால் ஆகாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. எனக்கென்று ஒன்று வேண்டாம், அவ்வளவுதான். எழுதிய மொய்யெல்லாம் திரும்பி வராதே என்பதில்தான் அம்மாவுக்குத் தீராத வருத்தம்.

சரி, வேண்டாம் என்று முடிவான பிறகு அதை உடம்பில் எப்படி நிறைவேற்றுவது? இரண்டு வருடமாக இதைத்தான் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். குழந்தை பெற்றவர்களுக்கு வழி சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள், என்னைப் போன்றவனுக்குச் சொல்ல ஆளே இல்லை. அதனால் நானே ஒவ்வொரு வழியாக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவிடம் வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டபோது, "மாட்டுக்குக் காயடிக்கிற மாதிரியாடா?" என்றார். படித்தவர்களும் உள்ளுக்குள் இப்படித்தான் நினைக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை. காயடித்தால் விதையே வேலை செய்யாமல் போகும், காளை அடங்கிப்போகும். வாசக்டமியில் விதையைத் தொடுவதே இல்லை. விந்தணு மேலே ஏறிப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களை வெட்டி அடைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆண் ஹார்மோன் குழாய் வழியாகப் போவதில்லை, ரத்தத்தில் போகிறது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வெளியே வரும் திரவத்தில் விந்தணுவின் பங்கு நூற்றில் சில பங்குதான், மிச்சமெல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருவது, அதனால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆண்மை வேறு, கருவளம் வேறு. நம்மூர்ச் சுவரொட்டி வைத்தியர்கள் இரண்டையும் ஒரே வார்த்தையில் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் எமர்ஜென்சி. 1976-77 என்ற ஒரே வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன், அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. ஆள் பிடித்துக்கொண்டு போய்ச் செய்த காலம் அது. அந்தப் பயம் ஆண்களை விட்டு இன்னும் போகவில்லை, பாரம் மொத்தமும் பெண்கள் தலையில் இறங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். எங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள், இரண்டாவது சிசேரியனோடு "அதையும் சேர்த்துப் பண்ணிட்டாங்க" என்று சொல்லாத அம்மா உண்டா? அவள் புருஷன் செய்துகொண்டான் என்று ஒரு வீட்டில் கேட்டிருப்பீர்களா?

இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

அரசு மருத்துவமனையில்தான் செலவில்லை. தழும்பில்லா முறை, கத்தி வைத்துக் கீறுவதில்லை, 1974-இல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. ஒரு சின்னத் துளை, மரத்துப்போக ஓர் ஊசி, கால் மணி நேரம் போல, அன்றைக்கே வீடு. தமிழ்நாட்டில் செய்துகொள்பவருக்கு 1,100 ரூபாய் கையிலும் தருகிறார்கள். நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை வாசக்டமி இருவார விழா என்று போர்டு வைத்து அழைக்கிறார்கள். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் அந்த அழைப்பு எனக்கில்லை. மத்திய அரசின் வழிகாட்டு விதியே கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும், மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு என்கிறது. மனைவியின் கையெழுத்து வேண்டாம் என்று அதே விதி சொல்கிறது, ஆனால் மனைவி என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டும்! திட்டமே பிள்ளை பெற்றவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் போட்டது, ஒன்றுமே பெறாதவன் அந்தக் கணக்கில் வரவில்லை. எமர்ஜென்சிக்குப் பிறகு இந்த மாதிரி வேலி அவசியம் என்பது எனக்குப் புரிகிறது, கோபமும் இல்லை. கதவு மூடியிருக்கிறது, அடுத்த கதவைத் தட்ட வேண்டியதுதான்.

தனியார் பக்கம் முடிவு பெரும்பாலும் டாக்டர் கையில். நான் முதலில் பார்த்த டாக்டர் ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. "மேரேஜ் ஆச்சா? ஆகலையா? போய்க் கல்யாணத்தைப் பண்ணுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்று ஃபீஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். ஏன் வேண்டாம், எத்தனை வருடமாக இந்த எண்ணம், அப்பா அம்மா மேல் உள்ள கோபமா, காதல் தோல்வியா, வேலை போனதா என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, "ஆறு மாசம் கழிச்சு வாங்க, அப்பவும் இதையே சொன்னா பண்றேன்" என்றார். முதல் ஆளின் மேல் எரிச்சல் வந்தாலும், இரண்டாமவர் போட்ட ஆறு மாதத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். இருபதுகளில் செய்துகொண்டவர்கள்தான் பின்னால் அதிகமாகக் குழாயை ஒட்டித் தரச் சொல்லி வருகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 25 வயசுத் தம்பி யாராவது இதைப் படித்தால் உன்னை நான் நம்புகிறேன், ஆனால் முப்பதைத் தாண்டிய பிறகு உன்னையே மறுபடி கேட்டுப் பார்.

பணத்தில் ஒரு சின்னத் தகவல்: மெடிக்கல் இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். கருத்தடை ஆபரேஷனும், அதைத் திருப்பிச் சரி செய்யும் ஆபரேஷனும் பாலிசிகளில் வழக்கமாக எழுதியிருக்கும் விலக்குப் பட்டியலில் வருபவை. கைக்காசுதான்.

இனி ஆணுறை. உண்மையில் வாசக்டமிக்கு நேர் போட்டி இதுதான், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். கணக்கைப் பார்ப்போம். ஆணுறையை அப்பழுக்கில்லாமல் பயன்படுத்தினால் வருடத்துக்கு 100 ஜோடிகளில் 2 பேருக்குக் கரு தங்கும். ஜனங்கள் நிஜத்தில் பயன்படுத்துகிற லட்சணத்தில் அது 13. வெளியே எடுத்துவிடுவது என்ற நம்மூர் வீர சாகசத்தில் 20. வாசக்டமியில், குழாய் சுத்தமாக அடைபட்டது என்று டெஸ்டில் உறுதியான பிறகு, சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை.

ஆனால் கல்யாணம் ஆகாதவனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, குழந்தை பெற்றவர்களுக்காக எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வாசக்டமி நோயைத் தடுக்காது. எச்ஐவி, சிபிலிஸ், கொனோரியா எதற்கும் அது காவல் இல்லை. ஒரே துணையோடு பல வருடம் இருப்பவன் ஆபரேஷன் முடிந்து ஆணுறையைத் தூக்கிப் போட்டுவிடலாம். என்னைப் போல் இன்றைக்கு யாரும் இல்லாமல், நாளைக்குப் புதிதாக யாரோ வரக்கூடும் என்ற நிலையில் இருப்பவன் ஆபரேஷனுக்குப் பிறகும் அதே மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போக வேண்டும், கடைக்காரர் அப்பாவின் சிநேகிதராக இருந்தாலும் சரி, அவர் அதைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பாலிதீன் பையில் போட்டு, ஏதோ கடத்தல் பொருள் மாதிரி கொடுத்தாலும் சரி. ஆக என் விஷயத்தில் வாசக்டமி பூட்டுக்கு மேல் பூட்டு. இரண்டாவது பூட்டு அவ்வளவு தேவையா என்பதுதான் கேள்வி. யாரோடும் பழக்கமில்லாமல், வருகிற வாய்ப்பும் பெரிதாக இல்லாமல் இருப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வேன்: ஆணுறை போதும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'நிரோத்' இலவசமாகவே கிடைக்கும், ஆபரேஷன் பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள்.

எனக்கு ஏன் அது போதவில்லை என்று சொல்கிறேன். போன வருடம் ஒரு உறவில் இருந்தேன். ஆணுறை கிழிந்தது. மறுநாள் காலை மாத்திரை சாப்பிட்டது அவள், வாந்தி எடுத்தது அவள், தேதி தள்ளிப்போய் ஒன்பது நாள் தூங்காமல் கிடந்தது அவள், தெரிந்தவர் கண்ணில் படாமல் டெஸ்ட் கிட் வாங்க வீட்டுக்குப் பக்கத்துக் கடையை விட்டுவிட்டுத் திருமங்கலம் வரை பஸ்ஸில் போனதும் அவள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்த உறவு பிறகு வேறு காரணத்தால் முடிந்துபோனது, அது தனிக் கதை. ஆனால் பிள்ளை வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவன் நான், அந்தப் பிடிவாதத்துக்கு உடம்பால் விலை கொடுத்தது அவள். இது எனக்கு அசிங்கமாக இருந்தது. "பெண் மாத்திரை சாப்பிடட்டும், காப்பர்-டி போட்டுக்கொள்ளட்டும்" என்ற வழியை நான் இங்கே தனியாக எடைபோடாமல் விடுவதற்கும் காரணம் இதுதான். அவளுக்காக அவள் எடுக்கிற முடிவு வேறு, என் விருப்பத்துக்காக அவளை எடுக்க வைப்பது வேறு.

சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். கரு தங்கிவிட்டால் வைத்துக்கொள்வதா கலைப்பதா என்பது அவள் முடிவு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கலைக்க முடிவெடுத்தால் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. பெற்றுக்கொள்ள முடிவெடுத்தால், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் தரும் கடமை தகப்பனுக்கு உண்டு. ஆக ஆண் தன் பங்குக்கு முடிவெடுக்கிற இடம் எல்லாம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அந்த இடத்தில் என் கையில் இருப்பது ஒரு ரப்பர் உறை மட்டும்தானா என்ற எண்ணம்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனது.

அடுத்தது எல்லோரும் சொல்லும் சமாதானம்: "பண்ணிக்கோ மாப்ள, வேணும்னா அப்புறம் ஒட்டிக்கலாம்." தயவுசெய்து இதை நம்பி இறங்க வேண்டாம். ஒட்டும் ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் வைத்து மணிக்கணக்கில் செய்வது, செலவு பல மடங்கு. அமெரிக்காவில் 1991-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், மூன்று வருடத்துக்குள் ஒட்டிக்கொண்டவர்களில் 76 சதவீதம் பேருக்குக் குழந்தை தங்கியது, 15 வருடம் கழித்து ஒட்டியவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான். குழாய் திறந்துகொண்டாலும் கரு தங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திருப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பு மனதின் ஓரத்தில் இருந்தாலே அது இப்போதைக்கு வேண்டாம் என்பதற்கான அறிகுறி.

விந்தணுவை உறைய வைப்பது அடுத்த வழி. மதுரையில் கருத்தரிப்பு மையத்துக்கா பஞ்சம்? பாதிச் சுவரும் ஆட்டோ முதுகும் அந்த விளம்பரம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டு வைத்து, வருடா வருடம் வாடகை கட்டலாம். கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கிறது. ஆனால் தனி ஆணுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் தம்பதிக்கும் பெண்ணுக்கும் வழி விடுகிறது, தனி ஆணுக்கு விடவில்லை. அதே வருடம் வந்த வாடகைத்தாய்ச் சட்டமும் அப்படியே. ஆகவே மனம் மாறினால் மட்டும் போதாது, கல்யாணமும் ஆக வேண்டும், அவளுக்கும் சம்மதமாக வேண்டும், விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐயோ டெஸ்ட் டியூப் முறையோ, அதற்கான ஊசியும் வலியும் மறுபடி அவள் உடம்புக்குத்தான். நான் ஒருவரிடம் விசாரிக்கப் போய் விண்ணப்பத்தை வாங்கி வந்து, பூர்த்தி செய்ய உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஃப்ரீஸரில் கொஞ்சம் எடுத்து வைக்கத் தோன்றுகிறவன் ஆபரேஷனை இன்னும் தள்ளிப் போட வேண்டியவன். எனக்கு வைக்கத் தோன்றவில்லை. தோன்றுகிறது என்றால் அது அவமானமும் இல்லை, உங்கள் மனசு தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மனம் மாறினால் தத்தெடுக்கலாமே என்ற யோசனைக்கும் வரம்பு இருக்கிறது. தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆண் குழந்தை மட்டும்தான். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை என்றால் தனி நபருக்கு வயது 40-ஐத் தாண்டக் கூடாது, வளர்ந்த பிள்ளை என்றால் 55 வரை போகலாம். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தேவைப்படும் ஆறுதலும் அது இல்லை. ரத்தம்தான் முக்கியம் என்று நினைக்காத ஒருவருக்கு உதவலாம்.

புதிதாக ஏதாவது வராதா என்று காத்திருப்பதும் ஒரு வழி. காரக்பூர் ஐஐடியின் சுஜய் குஹா பல பத்தாண்டுகளாக உழைத்த ரிசுக் ஊசி, குழாய்க்குள்ளேயே மருந்தைச் செலுத்தி விந்தணுவைச் செயலிழக்க வைப்பது. 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனை முடிவு 2023-இல் வெளியாகி, நன்றாகவும் இருந்தது. ஆனால் கடையில் இல்லை. நான் கல்லூரி படிக்கும்போதும் "சீக்கிரம் வருகிறது" என்றுதான் செய்தி வந்தது. அதை நம்பிக் காத்திருந்தால் எனக்கே பென்ஷன் வயதாகிவிடும்.

கடைசியாக, பொறுத்திருந்து கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது. நேர்மையாகச் சொன்னால், கல்யாணம் செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருப்பவருக்கு இதுதான் சரியான வழி. என் நண்பன் ஒருவன் இதைத்தான் அடித்துச் சொன்னான், "பண்ணிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போவ?" அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மறைத்துக் கல்யாணம் செய்வது துரோகம், முக்கியமான உண்மையை மறைத்ததாக இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வழக்காகவும் வந்து நிற்கலாம். ஆபரேஷன் செய்தவன் முதல் சந்திப்பிலேயே, காபி ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் புரோக்கர் கொண்டுவரும் நூறு வரன்களில் நூறும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் நஷ்டம் இல்லை, ஏனென்றால் அம்மாவின் கட்டாயத்துக்காக ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறகு பிள்ளை வேண்டாம் என்று சொல்லி, ஊர் அவளை மலடி என்று பேச நான் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆணுக்கு அந்த வார்த்தையை நம் ஊர் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

வலி, ஆபத்து பற்றியும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ரத்தக்கட்டோ சீழோ நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். அதே அளவு பேருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிற வலி வரக்கூடும். இது சின்ன எண்தான், ஆனால் அந்த ஒருவராக இருந்தால் சின்னதில்லை. இதைத்தான் நான் கடைசி வரை யோசித்தேன், வாரிசு, கொள்ளி போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். செய்த அன்றே பலனும் கிடைக்காது. மேலே தங்கியிருக்கும் விந்தணு தீர மூன்று மாதம் ஆகும், அதுவரை ஆணுறை கட்டாயம், அப்புறம் லேபில் விந்துப் பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்று பேப்பர் வந்த பிறகுதான் கணக்கில் சேர்த்தி. பலர் அந்தப் பரிசோதனைக்கே போவதில்லை, கூச்சம். கதவில் தாழ்ப்பாள் சரியில்லாத லேப் பாத்ரூமில் டப்பாவோடு நிற்பது கூச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நான் ஆறு மாதம் கழித்துப் போனேன். அதே பதில்களைத்தான் சொன்னேன், அவர் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார், "நாளைக்கே உங்களுக்குப் பிடிச்ச ஒரு பொண்ணு வந்து, குழந்தை வேணும்னு சொன்னா?" வருத்தத்தோடு வேண்டாம் என்பேன், அவளுக்கு வேறு நல்ல ஆள் கிடைக்கட்டும் என்பேன் என்றேன். அவர் தேதி புத்தகத்தை எடுத்தார். அவர் முதலில் காட்டிய தேதி சித்திரைத் திருவிழாவுக்கு நடுவில் விழுந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதை வருடா வருடம் கூட்டத்தில் இடிபட்டு நின்று பார்ப்பவன் நான், அந்தக் கூட்டத்தில் அந்த உடம்போடு நிற்பதை நினைத்தாலே கண் கலங்கியது. வைகாசியில் வைத்துக்கொண்டோம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பைக் தொடக் கூடாது, இறுக்கமான ஜட்டி, பாரம் தூக்கக் கூடாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஜாதகத்தில் ஐந்தாம் இடம் பலமாக இருக்கிறது, இரண்டு பிள்ளை நிச்சயம் என்று போன மாதம்தான் ஜோசியர் சொல்லி அனுப்பியிருக்கிறார், அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறார். அக்காவிடம் மட்டும் சொன்னேன். போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு, "எந்தக் கிழமைடா?" என்றாள். வியாழக்கிழமை என்றேன். "சரி, ஆட்டோவுலயே வா, பைக்க எடுத்துட்டுப் போயிராத. நான் ஆட்டுக்கால் சூப்பு வச்சு எடுத்துட்டு வர்றேன்."